வீட்டுக் கணினியில் போஸ்ட்கிரெஸ்

காரைக்குடியில் எங்கள் கண்டாங்கிச் சேலைக் கடையின் பேரேட்டைக் கணினிக்கு மாற்றுவதற்காக, தகவல்களை அட்டவணைகளாகச் சேமித்து, கேட்கும்போது எடுத்துத் தரும் மென்பொருளான, கட்டணமின்றிக் கிடைக்கும் போஸ்ட்கிரெஸ் தரவுத்தள சர்வரை வீட்டிலுள்ள விண்டோஸ் கணினியில் நிறுவினேன். நிறுவும்போது தலைமைப் பயனருக்குக் கேட்கப்படும் கடவுச்சொல்லை எழுதி வைக்காமல், மறுநாள் உள்ளே நுழைய முடியாமல் அரைநாளைத் தொலைத்தது முழுக்க என் பிழையே. எல்லா மொழி எழுத்துகளையும் கணினியில் சேமிக்க உதவும் யுடிஎஃப்-8 குறியேற்றத்தில் தமிழ்ப் பெயர்கள், நகரத்தார் வழக்கிலுள்ள நீண்ட விலாசங்கள் உட்பட, சிதையாமல் பதிவாகின்றன.

என்னை மிகவும் கவர்ந்தது வேறொன்று: ஒவ்வொரு மாற்றத்தையும் முதலில் ஒரு பதிவேட்டில் எழுதிவிட்டே அட்டவணைக் கோப்புகளில் சேர்ப்பதால், நடுவில் மின்சாரம் நின்றபோதும் உறுதிசெய்த விற்பனைக் கணக்கு எதுவும் அழியவில்லை. தரவுத்தளத்தைத் திரையில் பார்த்துக் கையாள உடன் வரும் பிஜிஅட்மின் என்னும் செயலி என் பழைய கணினியில் சற்று மெதுவாகவே திறக்கிறது. கடையிலுள்ள மற்றக் கணினியையும் இணைக்க, போஸ்ட்கிரெஸின் அமைப்புக் கோப்பில் அனுமதி வரியைச் சேர்த்து, வெளி இணைப்புகளைத் தடுக்கும் ஃபயர்வாலில் 5432 என்னும் போர்ட்டை (இணைப்பு வாயிலை) திறக்க வேண்டும்.