தீவுக்குக் கூட்டிப்போகிறோம் என்று 18,600 ரூபாய் வாங்கிக்கொண்டார்கள் – நெல்லை, தூத்துக்குடிக்காரர்கள் கவனம்

ஞாயிற்றுக்கிழமை நடந்தது. இன்று செவ்வாய். இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை, அதனால் எழுத்து முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நடந்ததைச் சொல்லிவிட்டு, இந்த மாதிரி கடல் பயணத்துக்குப் பணம் கட்டும்முன் எதையெல்லாம் பார்க்கவேண்டும் என்று கடைசியில் விவரமாக எழுதுகிறேன். பாளையங்கோட்டை, டவுன், தூத்துக்குடி, திருச்செந்தூர் பக்கம் இருப்பவர்கள் தயவுசெய்து படியுங்கள். அந்த ஆட்கள் இன்னமும் விளம்பரம் போட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். நேற்று ராத்திரி போட்ட வீடியோவைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

அக்கா மகள் பிளஸ் டூவில் நல்ல மார்க். என்ன வேண்டும் என்று கேட்டதற்கு, "எல்லா வருஷமும் குற்றாலம்தானா மாமா, இந்தத் தடவை கடலுக்குப் போவோம்" என்றாள். குறுக்குத்துறையில் நீந்திப் பழகிய பிள்ளை, தண்ணீரைக் கண்டு பயப்படமாட்டாள். அவள்தான் ஒரு சமூக வலைத்தளப் பக்கத்தைக் காட்டினாள். ஒரு நாள் முழுக்க, தூத்துக்குடிக் கடலில் மூன்று தீவுகள், தீவோரத்துக் குடாக்களில் பேடில் போர்டு (ஏறி நின்று துடுப்புப் போட்டு ஓட்டும் பலகை), பவளப்பாறை பார்க்க ஸ்நார்கெலிங் (முகக் கண்ணாடியும் மூச்சுக் குழாயும் மாட்டித் தண்ணீருக்குள் பார்ப்பது), பயிற்சி பெற்ற வழிகாட்டி இரண்டு பேர், மதியம் மீன் சாப்பாடு. தலைக்கு 3,100 ரூபாய். நான், என் மனைவி, மகன், அக்கா, அத்தான், மருமகள் என்று ஆறு பேர். 18,600 ரூபாய்.

யோசித்தேன். அவ்வளவு பணத்துக்கு ஒரு வாரம் குற்றாலத்திலேயே தங்கலாம். சரி, பேசித்தான் பார்ப்போமே என்று போன் போட்டேன்.

"எந்த ஊரு அண்ணாச்சி?" என்றுதான் ஆரம்பித்தான். பாளையங்கோட்டை என்றதும், "நமக்கும் அந்தப் பக்கந்தான், அப்பொ நீங்க நம்ம ஆளு" என்றான். இது காற்றுக் காலமாச்சே, கடல் எப்படி இருக்கும் என்று கேட்டேன். கேட்காமல் இல்லை. "தீவுக்கு ஒதுக்குல தெப்பக்குளம் மாதிரி கெடக்கும் அண்ணாச்சி, நீங்க ஏன் கவலப்படுதீய" என்றான். என் மனைவிக்கு நீச்சல் தெரியாது, பயப்படுகிறாள் என்றேன். அஞ்சு நிமிஷத்தில் வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு வந்தது. "மதினிகிட்ட சொல்லுங்க அண்ணாச்சி, நம்ம வீட்டு ஆளு மாதிரி கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போயி, கையப் புடிச்சே கரையில கொண்டாந்து விட்டுருதேன்."

என் மனைவி அதை மூன்று தடவை போட்டுக் கேட்டாள். நம்மூர்ப் பேச்சு, பின்னால் ஒரு குழந்தை அழும் சத்தம், வீட்டிலிருந்து பேசுகிற மனுஷன். அதற்குப் பிறகு நாங்கள் எதையும் கேட்கவில்லை. ஏமாந்த இடம் அதுதான்.

முன்பணம் 9,300 நான் அனுப்பினேன். மீதியைக் கரையில் வைத்துத் தரலாம் என்றுதான் பேச்சு. சனிக்கிழமை ராத்திரி பத்து மணிக்குப் போன் வந்தது. "வனத்துறை பெர்மிட்டுக்கு இப்பவே கட்டணும், இல்லன்னா நாளைக்கு வள்ளம் எடுக்க முடியாது." அந்த 9,300-ஐ அக்கா போட்டாள். ஜாக்கெட் தைத்துச் சீட்டுக் கட்டி எடுத்த பணம். அனுப்பும்போது திரையில் ஏதோ மொபைல் கடையின் பெயர் வந்தது. கேட்டேன். "நம்ம மச்சினன் கடை அண்ணாச்சி, என் அக்கவுண்ட்ல லிமிட் முடிஞ்சிட்டு" என்றான். மொத்தம் 18,600 ரூபாய் போய்ச் சேர்ந்தது. வேனுக்கு 4,500 தனி.

காலை ஆறரைக்கு வரச் சொன்ன இடத்தில் ஆறே காலுக்கே நின்றோம். தூத்துக்குடிக்கு வடக்கே, உப்பளம் தாண்டி ஒரு கரை. எட்டே முக்கால் வரை ஒரு ஈ காக்கா இல்லை. பிறகு ஒரு பைக்கில் இரண்டு பையன்கள் வந்தார்கள், பத்தொன்பது இருபது வயசு இருக்கும். பயிற்சி பெற்ற வழிகாட்டிகள் இவர்கள்தானாம். குரல் பதிவு அனுப்பியவன் வரவே இல்லை.

கொண்டுவந்த சாமான்களைச் சொல்கிறேன். காற்றடிக்கும் பேடில் போர்டு இரண்டு. பம்பில் இருந்த அழுத்தமானி முள் அசையவே இல்லை. கை வலிக்கும்வரை அடித்துவிட்டு "போதும்" என்றான் ஒருத்தன். நான் நடுவில் கையை வைத்து அழுத்தினேன், மெத்தை மாதிரி உள்ளே போனது. சரியாகக் காற்று நிரப்பிய போர்டு மரப்பலகை மாதிரி விறைப்பாக நிற்கவேண்டும் என்று இப்போதுதான் எனக்குத் தெரிகிறது. ஒரு போர்டில், நேராகப் போக வைக்கும் அடிப்பக்கத் துடுப்பு இல்லை. இரண்டிலுமே காலில் கட்டுகிற கயிறு இல்லை. லைஃப் ஜாக்கெட் ஆறு பேருக்கு நாலு, அதில் ஒன்றின் கொக்கி உடைந்து நைலான் கயிற்றால் முடிச்சுப் போட்டிருந்தது. முகக் கண்ணாடிகளின் ரப்பர் மஞ்சளாகி, வெயிலில் கிடந்த செருப்பு மாதிரி இறுகிப் போயிருந்தது.

அப்போதே திரும்பியிருக்கவேண்டும். 18,600 ரூபாய் கட்டியாயிற்றே என்ற எண்ணம்தான் ஏற வைத்தது.

வள்ளக்காரர் ஒரு பெரியவர். அன்றைக்குக் காலையில்தான் அவரைப் பிடித்திருக்கிறார்கள். பையன்கள் தீவுக்கு விடச் சொன்னதும் என்ஜினை நிறுத்திவிட்டார். "தீவுல யாரும் எறங்கக் கூடாது தம்பி. பாரஸ்ட்காரங்க பார்த்தா என் வள்ளத்தப் புடிச்சு வச்சுக்கிடுவாங்க. ஒங்ககிட்ட எவன் சொன்னான்?" என்று என்னைத்தான் கேட்டார். பெர்மிட் இருக்கிறதே என்றேன். பையன்கள் இரண்டு பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். பெர்மிட்டும் இல்லை ஒன்றும் இல்லை.

இது எல்லாருக்கும் தெரியவேண்டிய விஷயம். தூத்துக்குடியிலிருந்து ராமேஸ்வரம் வரை மன்னார் வளைகுடாவில் உள்ள 21 தீவுகளும் 1986-இல் அறிவிக்கப்பட்ட கடல்சார் தேசியப் பூங்காவுக்குள் வருகின்றன. வான் தீவு, காசுவாரி, காரைச்சல்லி எல்லாம் அதில்தான். நம் இஷ்டத்துக்கு அங்கே போய் இறங்க முடியாது. அதைவிட, விளம்பர வீடியோவில் செங்குத்தான கரும்பாறை, நடுவில் கண்ணாடி மாதிரி நீலத் தண்ணீர். நம் தீவுகளோ மணலும் பவளத் துண்டுகளும் சேர்ந்த தட்டைத் திட்டுகள், வான் தீவெல்லாம் கடல் அரித்துச் சுருங்கிப்போன திட்டு. பாறைக்கு எங்கே போவது? அந்த வீடியோ எந்த நாட்டுக் கடலோ. என் மகன் ஞாயிறு ராத்திரி இதைக் கண்டுபிடித்துச் சொன்னான், அப்போது சொல்லி என்ன.

கரையிலிருந்து கொஞ்ச தூரத்திலேயே வள்ளத்தை நிறுத்தினார்கள். தண்ணீர் டீ நிறம். கண்ணாடியை மாட்டிக்கொண்டு மகன் தலையைக் கவிழ்த்தான், நாலாவது மூச்சில் உப்புத் தண்ணீர் உள்ளே போய் இருமிக்கொண்டு எழுந்தான். பவளப்பாறையும் இல்லை, மீனும் இல்லை. கையை நீட்டினால் விரல் தெரியவில்லை. ஸ்நார்கெலிங் முடிந்தது.

அடுத்ததை எழுதத்தான் மனசு பதறுகிறது. மருமகள் பேடில் போர்டில் ஏறினாள். முதலில் முட்டி போட்டு, பிறகு எழுந்து நின்றாள். ஒரு பையன் செல்போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தான். தண்ணீர் பார்க்க அமைதியாகத்தான் இருந்தது. ஆனால் அது கச்சான் காற்று, நிலத்திலிருந்து கடலைப் பார்த்து அடிக்கிற காற்று. கரையோரத்தில் அலை தெரியாது, தள்ளிக்கொண்டே போகும். குற்றாலத்தில் சாரல் தருகிற அதே தென்மேற்குக் காற்றுதான். நின்றுகொண்டிருந்த பிள்ளையின் உடம்பே பாய் விரித்த மாதிரி ஆகிவிட்டது. அவள் இந்தப் பக்கம் துடுப்புப் போடப் போட போர்டின் மூக்கு அந்தப் பக்கம் திரும்புகிறது, அடித்துடுப்பு இல்லாத போர்டு அப்படித்தான் சுற்றும். "மாமா" என்று ஒரு தடவைதான் கூப்பிட்டாள். அதற்குள் நூறு, நூற்றைம்பது மீட்டர் போய்விட்டாள். தூரத்தில் வெள்ளை வெள்ளையாக நுரை தெரிந்தது. அக்கா வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். வழிகாட்டிப் பையன் "அக்கா இங்கிட்டு வாங்க, இங்கிட்டு வாங்க" என்று கையை ஆட்டினான், அவ்வளவுதான்.

பெரியவர்தான் எழுந்து நின்று, "குப்புறப் படுத்துக்கோ தாயி! நிக்காத! படுத்துக் கையால தள்ளு!" என்று கத்தினார். அவள் படுத்ததும் போர்டு போகிற வேகம் குறைந்தது. அவர் என்ஜின் கயிற்றை இழுத்தார். பிடிக்கவில்லை. மறுபடி இழுத்தார், பிடிக்கவில்லை. மூன்றாவது இழுப்பில் பிடித்தது. வள்ளத்தில் தூக்கிப்போட்டபோது பிள்ளையின் கை, துடுப்பைப் பிடித்த பிடியிலேயே மடங்கிக் கிடந்தது. விரலை ஒவ்வொன்றாக அக்காதான் பிரித்துவிட்டாள்.

"காத்து ஏறிட்டு அண்ணாச்சி, இன்னைக்கு இம்புட்டுத்தான்" என்றான் ஒருத்தன். மணி பத்து நாற்பது. மீன் சாப்பாடு என்று கரையில் நாலு எலுமிச்சைச் சாதப் பொட்டலம் தந்தார்கள். ஆறு பேருக்கு நாலு. பெரியவருக்கு 1,500 பேசி 800 கொடுத்துவிட்டு பைக்கில் ஏறிவிட்டார்கள். அத்தான் அவர் கையில் பணத்தைத் திணித்தார். "பிள்ளைக்கு இளநி வாங்கிக் குடுங்க" என்று அதில் நூறு ரூபாயைத் திருப்பித் தந்தார் அந்த மனுஷன்.

அப்புறம் ஆரம்பித்தது போன் படலம். ஞாயிறு மதியம், "வண்டி ஓட்டிட்டு இருக்கேன் அண்ணாச்சி, சாய்ந்தரம் கூப்பிடுதேன்." சாய்ந்தரம் நானே கூப்பிட்டேன். "மேனேஜர் மேடம்ட்ட பேசுங்க" என்றான். மேடம், "வெதர் சரியில்லைன்னா ரீஃபண்ட் கிடையாது சார், எங்க ரூல்ஸ்ல இருக்கு" என்றார். எந்த ரூல்ஸ், எங்கே காட்டினீர்கள் என்றால் பதில் இல்லை. திங்கள் காலையில் ஏழு வேலை நாளில் பணம் வரும் என்றார்கள். மதியம், பணம் வராது, வேறு தேதி தருகிறோம், தலைக்கு 500 மட்டும் கூடக் கட்டுங்கள் என்றார்கள். 18,600 ரூபாயை விழுங்கிவிட்டு இன்னும் 3,000 கேட்கிறார்கள்! தீவில் இறங்கவே கூடாதாமே என்று கேட்டேன். அதுவரை அண்ணாச்சியாக இருந்தவன் சட்டென்று, "சார், நீங்க கடல்ல எறங்கினதுக்கு எங்ககிட்ட வீடியோ இருக்கு, எங்க வேணாலும் போங்க" என்றான். போனை வைத்துவிட்டான்.

அந்த வீடியோவைத்தான் நேற்று ராத்திரி போட்டிருக்கிறான். பதினோரு விநாடி. என் மருமகள் போர்டில் எழுந்து நின்று சிரிக்கிறாள். அவள் தள்ளிப்போக ஆரம்பிக்கும் இடத்தில் வெட்டிவிட்டு, பின்னால் ஒரு பாட்டு, மேலே "இந்த வாரம் நம்ம தீவு டிரிப்பில் செம ஜாலி" என்று எழுத்து. எங்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நடந்ததை நான் அந்த வீடியோவுக்குக் கீழே எழுதினேன். இரண்டு நிமிஷத்தில் அழித்துவிட்டு என்னை பிளாக் செய்துவிட்டார்கள். அத்தான் எண்ணிலிருந்து கூப்பிட்டால், "நீங்க யாரு?" என்கிறான்.

சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்குப் போன் செய்து புகார் பதிந்துவிட்டேன், பணம் அனுப்பிய ரசீதுகளும் குரல் பதிவும் பத்திரமாக இருக்கின்றன. நுகர்வோர் உதவி எண் 1915-லும் சொல்லியிருக்கிறேன். அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம். 18,600 ரூபாய்க்காக அலைவதா என்று கேட்கிறார்கள் சிலர். அலையத்தான் போகிறேன்.

விவரமாக எழுதுகிறேன் என்று சொன்னேன், நேரம் இல்லை. முக்கியமானதை மட்டும் சொல்லிவிடுகிறேன். முழுப் பணத்தையும் முன்னாடியே கட்டாதீர்கள். பணம் போகிற பெயரும் பக்கத்தின் பெயரும் வேறாக இருந்தால் அங்கேயே நிறுத்துங்கள். பெர்மிட் என்றால் வனத்துறை அலுவலகத்தில் நீங்களே கேளுங்கள். ஆனி, ஆடிக் காற்றில் எங்கள் மாதிரி பழக்கமில்லாதவர்கள் இந்தக் கரையில் பேடில் போர்டில் ஏறவே வேண்டாம். காலில் கட்டும் கயிறு, ஆளுக்கொரு லைஃப் ஜாக்கெட் இல்லையென்றால் பணம் போனால் போகிறது என்று திரும்பிவிடுங்கள். முகக் கண்ணாடியைப் பட்டை மாட்டாமல் முகத்தில் வைத்து மூக்கால் இழுத்துப் பாருங்கள், ஒட்டி நிற்காவிட்டால் அது கசியும்.

இதே குரல் பதிவு, அந்த "கையப் புடிச்சே" என்கிற பேச்சு, வேறு யாருக்காவது வந்திருந்தால் எனக்குத் தனிச் செய்தி அனுப்புங்கள், புகாரில் சேர்க்கவேண்டும். அக்கா இப்போதுதான் போன் செய்தாள். அந்த வீடியோ அவள் தெருவில் ஒரு வீட்டுக்கு வந்து, அவர்கள் "உங்க மக நல்லா ஓட்டுதாளே" என்று கேட்டிருக்கிறார்கள். அதை எடுக்கவைக்கத் தனிப் புகார் எழுதவேண்டும், காவல் நிலையத்துக்குக் கிளம்புகிறேன்.