மெட்ஃபார்மின் எக்ஸ்ஆர்: எட்டு மாதம் விழுங்கிப் பார்த்த பிறகு

இனிப்பு நீர் வந்து பதினோரு வருஷம் ஆகிறது. அதில் பத்து வருஷம் சாதாரண மெட்ஃபார்மின்தான், காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று. சர்க்கரை கட்டுக்குள் இருந்தது, வயிறுதான் இல்லை. இந்தத் தைப்பூசத்தில் பினாங்கு தண்ணீர்மலை முருகனைப் பார்க்க 513 படி ஏறப் போய், பாதியிலேயே வயிறு கலக்கி, அரோகரா சொல்வதை விட்டுவிட்டு கழிவறை எங்கே என்று கேட்டுக்கொண்டே இறங்கினேன். அப்புறம்தான் டாக்டரிடம் வாய் திறந்தேன். அவர் எக்ஸ்ஆர் (அதே மருந்தை மெதுவாக விடும் மாத்திரை) எழுதிக் கொடுத்தார், இரவுச் சாப்பாட்டோடு ஒரே வேளை.

வயிறு அடங்கியதா என்றால், என் விஷயத்தில் அடங்கியது. இரண்டாவது வாரத்திலேயே தெரிந்தது. இப்போது மாமாக் கடையில், அதாவது தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில், பரோட்டா மாதிரியான ரொட்டி சானாய் (ஒன்றுதான், சத்தியமாக) சாப்பிட்டுவிட்டு பினாங்கு பாலத்து நெரிசலில் மாட்டினாலும் கவலை கிடையாது. சர்க்கரை எண் இறங்கியதா என்றால் இல்லை, முன்பு இருந்ததுதான் இருக்கிறது. மருந்து அதேதான், உடம்புக்குள் இறங்கும் வேகம்தான் வேறு. சாதாரண மாத்திரை போட்டால் ரத்தத்தில் மருந்து உச்சத்துக்கு வர ஏறக்குறைய 2.5 மணி நேரம், இதில் ஏறக்குறைய 7 மணி நேரம்.

குறை என்றால் முதலில் அளவு. சரியான பெரிசு, தொண்டையில் ஒரு நொடி நின்று யோசித்துவிட்டுத்தான் இறங்கும். இரண்டாவது குறை மாத்திரையின் குறை இல்லை, அதை விற்ற கடையுடையது. பையில் ஒரு நாளைக்கு ஒருமுறை என்று மட்டும் எழுதிக் கொடுத்தார்கள், வேறு ஒரு வார்த்தை கிடையாது. மூன்றாவது வாரம் ஒரு காலையில் கழிவறையில் பார்த்தால், போட்ட மாத்திரை அப்படியே மிதக்கிறது! காசும் போச்சு, மருந்தும் போச்சு என்று நினைத்தேன். "என்னங்க, பேசாம பழைய மாத்திரைக்கே போயிடுங்க" என்றாள் வீட்டுக்காரி.

சரி, பார்த்துவிடலாம் என்று இரண்டு கண்ணாடி கிளாசில் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி, ஒன்றில் மீதியிருந்த பழைய மாத்திரையையும் மற்றதில் எக்ஸ்ஆரையும் போட்டேன். பழையது கொஞ்ச நேரத்தில் உதிர்ந்து சுண்ணாம்புத் தண்ணீர் மாதிரி ஆகிவிட்டது. எக்ஸ்ஆர் அசையவில்லை. ஆனால் மேலே வழுவழுவென்று ஒரு தோல் பிடித்துக்கொண்டது. ஒரு மணி நேரம் கழித்து ஊசியால் குத்தினால், வெளியே பசை, நடுவில் இன்னும் கெட்டியான வெள்ளை. மறுநாள் காலையில் நோன்பு மாதக் கடையில் விற்கும் கெம்பாங் செமாங்குக் என்ற ஊறவைத்த கொட்டை மாதிரி உப்பிக் கிடந்தது.

ரகசியம் அந்தப் பசைதான். பெயர் ஹைப்ரோமெல்லோஸ். மரக்கூழிலோ பருத்தியிலோ இருந்து எடுக்கும் செல்லுலோஸை ஆலையில் பக்குவம் செய்தால் கிடைப்பது. தண்ணீர் பட்டதும் வெளிப்பக்கம் பசையாகி வேலி கட்டிக்கொள்கிறது, மருந்து அந்த வேலியைக் கசிந்து கசிந்து தாண்ட வேண்டும். மெட்ஃபார்மின் தண்ணீரில் சட்டென்று கரைகிற ஜாதி, அதைப் பிடித்து வைக்க நிறையப் பசை தேவை. அதனால்தான் மாத்திரை அவ்வளவு பெரிசு. நான் கழிவறையில் பார்த்தது மருந்து போன பிறகு மிஞ்சிய வெறும் கூடு. இதை ஒரு வரியில் கடைக்காரர் சொல்லியிருக்கலாம் இல்லையா?

வெந்தயத்தை ராத்திரி ஊறவைத்தவர்களுக்கும் வெண்டைக்காய் நறுக்கியவர்களுக்கும் இந்த வித்தை புதிதில்லை. இசப்கோல் உமி, கொத்தவரை விதைப் பிசின், புளியங்கொட்டை மாவு எல்லாவற்றையும் வைத்து இதே மாதிரி மெதுவாக விடும் மாத்திரைகளைச் செய்து பார்த்திருக்கிறார்கள். கொத்தவரைப் பிசின்தான் எனக்குப் பிடித்தது. அதை வயிறும் சிறுகுடலும் செரிக்காது, பெருங்குடலில் இருக்கும் கிருமிகள்தான் தின்னும், ஆகவே பெருங்குடலுக்கு மட்டும் போய்ச் சேர வேண்டிய மருந்தை அதற்குள் பொதிந்து அனுப்பலாம் என்பது கணக்கு. ஆனால் செடிப் பிசின் ஒரு அறுவடைக்கு ஒரு மாதிரி இருக்கும், ஈரம் குடிக்கும், கிருமி பிடிக்கும். ஆலைக்காரர்கள் செல்லுலோஸ் பக்கம் சாய்வது சும்மா இல்லை.

இதைச் சொன்னதும் ஒரு நண்பர், "அப்படின்னா இது இயற்கை மருந்துன்னு சொல்லு" என்றார். இல்லை அண்ணே. பசைதான் செடியிலிருந்து வந்தது, மருந்து ஆலையில் செய்தது. அந்த மருந்துக்கும் ஒரு செடிக் கதை உண்டு, ஐரோப்பாவில் கலேகா என்ற செடியில் இருக்கும் பொருளைப் பின்தொடர்ந்து போய்த்தான் இந்த வகையையே பிடித்தார்கள். 1957-இல் ழான் ஸ்டெர்ன் என்ற பிரெஞ்சு மருத்துவர் இதை நீரிழிவுக்குக் கொடுத்து எழுதினார். அதற்காகச் செடியை மெல்ல முடியுமா? லிட்டில் இந்தியாவில் மூலிகை டப்பா வாங்குகிறவர்கள் மால் எண்ணில் (மலேசியாவில் மருந்துக்குக் கொடுக்கும் பதிவு எண்) இலக்கங்களுக்கு அடுத்து வரும் எழுத்தைப் பாருங்கள். டி (T) என்றால் பாரம்பரிய மருந்து, ஏ (A) என்றால் கட்டுப்பாட்டில் உள்ள மருந்து. என் எக்ஸ்ஆர் டப்பாவில் இருப்பது ஏ.

இசப்கோல் குடிக்கிறவர்கள் அதற்கும் மாத்திரைக்கும் நடுவில் இரண்டு மணி நேரமாவது விடுங்கள். சிறுநீரகக் கோளாறு இருப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் மெட்ஃபார்மினைத் தொடவே வேண்டாம், எக்ஸ்ஆர் ஆனாலும்.

அரசாங்கக் கிளினிக்கில் ஒரு வெள்ளி (ரிங்கிட்) கட்டி சாதாரண மாத்திரை வாங்கி, வயிறும் ஒத்துக்கொண்டால் அதுவே போதும், மாற வேண்டாம். ஒத்துக்கொள்ளாவிட்டால் இது காசுக்குத் தகும். ஐந்துக்கு நான்கு. ஒன்றைக் குறைத்தது அளவுக்காக.

அந்த அளவுதான் என் மாமனாருக்கும் பிரச்சினை. அவருக்கும் எக்ஸ்ஆர் கொடுத்திருக்கிறார்கள், மனுஷன் மூன்று மாதமாக அதைப் பாக்குவெட்டியால் நாலாக வெட்டி விழுங்கிக்கொண்டிருந்திருக்கிறார், வயிறு கலக்குகிறது என்று புலம்பல் வேறு. வேலியை வெட்டிவிட்டால் ஆடு நிற்குமா மாமா என்று கேட்டேன். டாக்டரைப் பார்க்க வியாழக்கிழமைக்கு நாள் வாங்கியிருக்கிறோம், அதுவரைக்கும் பாக்குவெட்டி என் காரில் இருக்கிறது.