நாளிதழா, வினாத்தாளா, வானொலியா: நுழைவுத் தேர்வு ஆங்கிலத்துக்கு எது உதவும்?

பிளஸ் டூ வகுப்புகள் தொடங்கிய ஜூன் மாதத்தில், சேலம் அம்மாபேட்டையில் விசைத்தறி வைத்திருக்கும் ஒரு தாய் தம் மகளை என்னிடம் அழைத்துக்கொண்டு வந்து, “தினமும் இந்து பேப்பர் வாங்கிப் போட்டாப் போதுங்களா சார், இல்ல கோச்சிங்ல சேத்து உட்றணுங்களா?” என்று கேட்டார். மகள் அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவள். திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகத்தை எண்ணி, மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான பொது நுழைவுத் தேர்வாகிய கியூட் தேர்வையும், திருச்சியில் உள்ள தேசியச் சட்டப் பல்கலைக்கழகத்தை எண்ணி, சட்டப் படிப்புக்கான பொது நுழைவுத் தேர்வாகிய கிளாட் தேர்வையும் எழுத விரும்பினாள். அதே மாதம், ஏற்காட்டுக்கு அப்பால் நாகலூரிலிருந்து சனிக்கிழமைதோறும் மலையிறங்கி வரும் ஒரு மாணவனும் என் மாலை வகுப்பில் சேர்ந்தான். இருவருக்கும் ஒரே பயிற்சி பொருந்தவில்லை என்பதைக் கண்டதிலிருந்துதான் இந்த ஒப்பீடு உருவானது.

தமிழ்நாட்டில் தொழிற்கல்விச் சேர்க்கைக்கான நுழைவுத் தேர்வு 2007இல் விலக்கப்பட்ட பிறகு வளர்ந்த பிள்ளைகளுக்கு, நேரம் வைத்து ஆங்கிலப் பத்தி படித்து விடையளிப்பது பழக்கமில்லாத வேலை. பள்ளித் தேர்வில் பாடம் முன்பே தெரிந்ததாக இருக்கும். நுழைவுத் தேர்விலோ, முன்பின் பார்த்திராத பத்தியைக் கடிகாரத்துக்கு எதிரே அமர்ந்து படிக்க வேண்டியிருக்கிறது. 2025 முதல் கியூட் ஆங்கிலத் தாளில் 50 வினாக்களுக்கும் 60 நிமிடங்களில் விடையளிக்க வேண்டும். அதாவது ஒரு வினாவுக்கு 72 நொடி, பத்தியைப் படிக்கும் நேரமும் அதற்குள் அடக்கம். கிளாட் தேர்வில் 120 வினாக்களுக்கு 120 நிமிடம். ஒவ்வொரு பத்தியும் ஏறத்தாழ 450 சொற்கள் கொண்டது, ஆங்கிலப் பகுதிக்கு மட்டும் 22 முதல் 26 வினாக்கள் வரை வரும். சட்டம், பொது அறிவு, தருக்கம் ஆகிய பகுதிகளும் பத்திகளின் வழியாகவே கேட்கப்படுவதால், கிளாட் தேர்வு முழுவதையும் ஒரு வாசிப்புத் தேர்வு என்றே நான் சொல்வேன்.

முதலில் நாளிதழ். சேலத்தில் மூன்று தலைமுறைகளாக ஆங்கிலத்துக்குச் சொல்லப்பட்டு வரும் ஒரே மருந்து இந்து நாளிதழின் தலையங்கம்தான். 1878இல் தொடங்கிய அந்த நாளிதழைத் தாத்தாவும் அப்பாவும் படித்தார்கள் என்பதே பல வீடுகளில் போதுமான காரணமாக இருக்கிறது. காரணம் எதுவாயினும் பரிந்துரை தவறானதல்ல. தலையங்கத்தின் நடை கிளாட் பத்தியின் நடைக்கு மிக அருகில் இருக்கிறது: ஒரு நிலைப்பாடு, அதற்கு எதிரான கருத்துக்குச் சிறிது இடம், பிறகு ‘ஆயினும்’ என்று திரும்பும் ஒரு வாக்கியம். கிளாட் கேட்பதும் ஆசிரியர் எந்தப் பக்கம் நிற்கிறார், எந்தத் தொனியில் பேசுகிறார், இந்தச் சொல்லுக்கு இந்த இடத்தில் என்ன பொருள் என்பவற்றைத்தான்.

சிக்கல், நம் பிள்ளைகள் அதைப் படிக்கும் முறையில் இருக்கிறது. அம்மாபேட்டை மாணவி முதல் மாதம் முழுவதும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் நாளொன்றுக்கு இருபது கடினச் சொற்களைப் பொருளுடன் எழுதி வந்தாள். கையெழுத்து அழகாக இருந்தது, ஆனால் ஒரு தலையங்கத்தை முடிக்க அவளுக்கு ஐம்பது நிமிடம் ஆயிற்று. இதை வாசிப்பு என்பதைவிட அகராதி வேலை என்பதே சரி. தலையங்கத்தை முதலில் நிறுத்தாமல் ஒரு முறை படித்து, அதன் சாரத்தைத் தமிழிலேயே இரண்டு வாக்கியங்களில் எழுதி, அதன் பிறகே சொற்பொருள் பார்க்கும்படி மாற்றினோம். பார்க்கும் சொற்களும் ஐந்துக்கு மேல் போகக் கூடாது என்று வரம்பு வைத்தேன். கியூட் மட்டும் எழுதுபவர்களுக்கு வேறொரு குறையும் உண்டு. அதன் பாடத்திட்டம் தகவல் பத்தி, கதைப் பத்தி, இலக்கியப் பத்தி ஆகிய மூவகையையும் கேட்கிறது. தலையங்கமோ, ஒரு கதாபாத்திரத்தின் மனநிலையை ஊகிக்கும் பழக்கத்தைத் தராது. அதற்குப் பள்ளியின் துணைப்பாடக் கதைகளை மீண்டும் எடுத்து வாசிப்பதே செலவில்லாத வழி.

அடுத்தது பழைய வினாத்தாள்கள். இவை அளவுகோல்களாக மிகச் சிறந்தவை, பயிற்சிப் பொருள்களாக நடுத்தரமானவை. காய்ச்சல் அளவைக் கருவியை நாளுக்கு நான்கு முறை வைத்துப் பார்ப்பதால் காய்ச்சல் இறங்கிவிடாது. ஆனாலும் பல வீடுகளில் நுழைவுத் தேர்வுத் தயாரிப்பு என்பது மாதிரித் தேர்வு எழுதி மதிப்பெண் பார்ப்பதாகவே சுருங்கிப் போயிருக்கிறது. மேலும், பழைய தாள்களின் அமைப்பு இன்றைய அமைப்பு அல்ல. 2022இல் கியூட் தொடங்கியபோது ஆங்கிலத்தில் 50 வினாக்களில் 40ஐத் தேர்ந்தெடுத்து 45 நிமிடங்களில் எழுதினார்கள்; இப்போது விட்டுவிடும் வசதி இல்லை. கிளாட் தாள்கள் 2020 முதல் 2023 வரை 150 வினாக்கள் கொண்டவை, 2024இலிருந்துதான் 120 ஆயின. ஆகவே பழைய தாளை அதன் பழைய நேரத்தோடு எழுதிப் பார்த்து, முடிக்க முடியவில்லை என்று அழுவதில் பொருளில்லை. பத்திகளை மட்டும் எடுத்துக்கொண்டு நேரத்தை இன்றைய கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும்.

வினாத்தாள் கற்றுத்தரும் ஒன்றை நாளிதழால் தர முடியாது: எந்த ஊடகத்தில் படிக்கிறோம் என்பது. கியூட் கணினித் திரையில் நடக்கிறது, கிளாட் காகிதத்தில் நடக்கிறது. காகிதத்தில் பென்சிலால் அடிக்கோடிட்டுப் படித்துப் பழகிய அம்மாபேட்டை மாணவி, திரையில் கையைக் கட்டிவைத்தது போல உணர்ந்ததாகச் சொன்னாள். திரையில் பத்தியை மேலும் கீழும் உருட்டும்போது படித்த இடம் தவறிவிடுவதும் உண்டு. இரு தேர்வையும் எழுதுபவர்கள் டிசம்பரில் கிளாட் முடியும் வரை காகிதத்திலும், அதன் பிறகு முழுவதும் திரையிலும் பயிற்சி செய்வது நல்லது. கைப்பேசித் திரை கணினித் திரைக்கு ஈடாகாது; வாரத்துக்கு ஒரு முறையாவது பெரிய திரையில் அமர வேண்டும்.

இனி, இவ்விரண்டோடும் ஒப்பிடப்படாமல் ஒதுக்கப்படும் மூன்றாவது வழி: காதால் கேட்டல். “லிசனிங் தான் எக்ஸாம்ல கெடையாதே சார், அது எதுக்குங்க?” என்று நாகலூர் மாணவன் கேட்டது நியாயமான கேள்வி. கியூட், கிளாட் இரண்டிலும் கேட்டல் பகுதி இல்லை. தென்கொரியாவின் கல்லூரி நுழைவுத் தேர்வில் ஆங்கிலத்தின் 45 வினாக்களில் 17 ஒலிப்பதிவைக் கேட்டு எழுதுபவை. அந்த நேரத்தில் நாடு முழுவதும் விமானங்கள் ஏறுவதையும் இறங்குவதையும் நிறுத்திவைக்கிறார்கள். ஜப்பானிலும் 2006 முதல் பொது நுழைவுத் தேர்வில் கேட்டல் இருக்கிறது. நம் தேர்வில் இல்லாத ஒன்றுக்கு நேரம் செலவிடச் சொல்வதற்கு வேறு காரணம் வேண்டும். அந்தக் காரணம் நம் மொழியின் அமைப்பிலேயே இருக்கிறது.

‘ஏற்காட்டிலிருந்து நேற்று வந்த பையன்’ என்று தமிழில் சொல்கிறோம்; பையன் கடைசியில் வருகிறான். ஆங்கிலத்தில் ‘தி பாய் ஹூ கேம் ஃப்ரம் ஏற்காடு எஸ்டர்டே’ என்று பையன் முதலில் வந்துவிடுகிறான், அவனைப் பற்றிய செய்தி பின்னால் தொடர்கிறது. தமிழ் வழியில் படித்த பிள்ளைகள் ஆங்கில வாக்கியத்தை மனத்துக்குள் தமிழாக்கிப் படிப்பதால், வாக்கியத்தின் வாலுக்கு ஓடி, அங்கிருந்து தலைக்குத் திரும்பி, மறுபடியும் வாலுக்கு வருகிறார்கள். பள்ளியில் நாமும் அப்படித்தான் வரிக்கு வரி பொருள் சொல்லிக் கொடுத்தோம். அந்தத் தவறில் எனக்கும் பங்குண்டு. பத்துச் சொல் வாக்கியத்தில் இது தெரியாது. நாற்பது சொல் கொண்ட தலையங்க வாக்கியத்தில் ஒரு வரியை மூன்று முறை படித்தாக வேண்டியிருக்கும், நேரம் அங்கேதான் கரைகிறது.

காதால் கேட்கும்போது திரும்பிப் போக வழியில்லை. சொற்கள் வரும் வரிசையிலேயே பொருளைக் கட்டிக்கொண்டு போக வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த வாக்கியம் வந்துவிடும். கண்ணின் இந்தப் பின்னோட்டத்தை நிறுத்தக் கேட்டலைவிட நல்ல பயிற்சியை நான் கண்டதில்லை. ஆங்கிலச் செய்தி வாசிப்பவர்கள் பொதுவாக நிமிடத்துக்கு ஏறத்தாழ 150 சொற்கள் வாசிக்கிறார்கள். அந்த வேகத்தில் 450 சொல் பத்தியைப் படித்தால் மூன்று நிமிடம் ஆகும். கிளாட் பத்தியின் ஐந்து வினாக்களுக்கு மொத்தமே ஐந்து நிமிடம் என்னும்போது, செய்தி வாசிப்பவரைப் பின்தொடர முடியாதவருக்கு வினாக்களை யோசிக்க இரண்டு நிமிடம்கூட மிஞ்சாது.

எதைக் கேட்பது என்பதிலும் தேர்வு உண்டு. ஆகாசவாணியின் இரவு ஒன்பது மணி ஆங்கிலச் செய்தியையே நான் முதலில் வைக்கிறேன்: கால் மணி நேரம், தெளிவான உச்சரிப்பு, பழகிய இந்தியப் பெயர்கள். இரவில் கேட்ட செய்தியை மறுநாள் காலை நாளிதழில் படித்தால், காதில் பிடிபடாமல் போன தொடர் கண்ணில் பிடிபடுகிறது. நாளிதழும் வானொலியும் இவ்விடத்தில் போட்டியாளர்களாக இல்லாமல் இணைந்துகொள்கின்றன. பிபிசியின் ஆங்கிலம் கற்பிக்கும் ஆறு நிமிட நிகழ்ச்சி எழுத்து வடிவத்தோடு கிடைப்பது பெரும் வசதி. ஆனால் அது உரையாடல் நடையில் அமைந்திருப்பதால் கிளாட் பத்திக்கு நேரடியாக உதவுவது குறைவு. கிரிக்கெட் வர்ணனையைக் கேட்டால் போதாதா என்று கேட்பவர்கள் சேலத்தில் அதிகம். நடராஜன் சின்னப்பம்பட்டியிலிருந்து இந்திய அணிக்குப் போன பிறகு இன்னும் அதிகம். வர்ணனையில் ஆட்டம் கண்ணுக்கு முன் நடப்பதால் காதுக்கு வேலை குறைவு, வாக்கியங்களும் துண்டுதுண்டாக வரும். பொழுதுபோக்காகக் கேட்கட்டும், பயிற்சி நேரக் கணக்கில் சேர்க்க வேண்டாம். ஆங்கிலத்தைத் தமிழில் விளக்கும் காணொளிகளும் அப்படியே: இலக்கண ஐயம் தீர உதவும், காது பழக உதவாது.

இடம் குறித்தும் சொல்லியாக வேண்டும். அம்மாபேட்டை வீட்டில் தறி ஓடும்போது பக்கத்தில் நிற்பவர் பேசுவதே கேட்காது. தறி நிற்கும் நேரம் பார்த்துத்தான் அவள் கேட்டாள், மின்தடை அவளுக்கு மட்டும் வரமாக இருந்தது. நாகலூரில் அமைதிக்குக் குறைவில்லை, சிக்னலுக்குத்தான் குறைவு. ஆகவே அவன் சனிக்கிழமை சேலத்தில் ஒரு வாரத்துக்கான ஒலிப்பதிவுகளைத் தரவிறக்கிக்கொண்டு போவான். பேருந்தில் கேட்கலாமே என்றேன்; இருபது கொண்டை ஊசி வளைவுகளில் இன்ஜின் சத்தத்தோடு ஒன்றும் கேட்கவில்லை, தலைதான் சுற்றியது என்றான்.

பயிற்சி மையங்களைப் பற்றிச் சுருக்கமாக. ஒழுங்கும் போட்டியும் வேண்டுபவர்களுக்கு அவை பயன்படும். ஆனால் முன்பு நான் சில மாதம் வகுப்பெடுத்த ஒரு மையத்தில், பத்தியைப் படிக்காமல் வினாவிலிருந்து விடையைத் தேடும் உத்தியே பாடமாக இருந்தது. தகவல் வினாக்களுக்கு அது ஓரளவு பலிக்கும், தொனியும் உட்பொருளும் கேட்கும் வினாக்களில் காலை வாரிவிடும். பணம் கட்டும் முன் ஒரு வகுப்பில் அமர்ந்து, பிள்ளைகள் எத்தனை நிமிடம் உண்மையில் வாசிக்கிறார்கள் என்று பார்த்துவிடலாம்.

வெளிநாட்டுக் கல்லூரிக்காக ஐஇஎல்டிஎஸ் எழுதுபவர்களுக்கு இந்த ஒப்பீடு தலைகீழாகும். அங்கே கேட்டல் 40 வினா, ஏறத்தாழ 30 நிமிடம், ஒலிப்பதிவு ஒரே ஒரு முறைதான் ஒலிக்கும். வாசிப்பு 60 நிமிடம், மூன்று பத்திகளுக்கு 40 வினா. தெர்ட்டீன், தெர்ட்டி போன்ற எண்களையும், எழுத்தெழுத்தாகச் சொல்லும் பெயர்களையும் பிடிக்க வேண்டியிருப்பதாலும், பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய உச்சரிப்புகளும் வருவதாலும் ஆகாசவாணி மட்டும் போதாது; அத்தேர்வுக்கென வெளிவந்த மாதிரி ஒலிப்பதிவுகளே முதலிடம் பெற வேண்டும். கட்டணம் பதினைந்தாயிரம் ரூபாய்க்கு மேல் என்பதால், எழுதிப் பார்ப்போம் என்று போகும் தேர்வும் அல்ல.

அந்தத் தாயிடம் நான் கடைசியில் சொன்ன ஏற்பாடு இது: இரவு செய்தி கால் மணி நேரம், காலையில் தலையங்கம் இருபது நிமிடம், ஞாயிற்றுக்கிழமை மட்டும் நேரம் வைத்து ஒரு வினாத்தாள்; தேர்வுக்கு முந்தைய ஆறு வாரங்களில் வினாத்தாள் வாரத்துக்கு மூன்று. கியூட்டில் சரியான விடைக்கு 5, தவறுக்கு 1 குறையும் என்பதால், நான்கு விடைகளில் ஒன்றைக்கூட விலக்க முடியாதபோதும் குறித்துவிடுவதில் சராசரியாக அரை மதிப்பெண் லாபம் உண்டு. கிளாட்டில் தவறுக்குக் கால் மதிப்பெண் போவதால் அந்த லாபம் மிகச் சிறிது, ஒரு விடையையாவது விலக்க முடிந்தால் குறிக்கலாம். இதை அவள் நோட்டுப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் எழுதிக்கொண்டாள். நாளுக்கு இருபது சொல் எழுதிய அதே நோட்டுதான், அந்தப் பட்டியல் ஜூலையோடு நின்றிருந்தது.