கிளாம்ப் மீட்டரும் ஒரு வகுத்தல் கணக்கும்: 6 வருட அனுபவம்

6 வருடத்துக்கு முன்னால் 1,800 ரூபாய் கொடுத்து ஒரு கிளாம்ப் மீட்டர் (வயரை வெட்டாமல், அதைத் தாடையால் சுற்றிப் பிடித்தே கரண்டை அளக்கும் கருவி) வாங்கினேன். வோல்ட், ஆம்பியர், ஓம் மூன்றையும் காட்டும். வாட் காட்டாது. அதை நாமேதான் வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கிக் கண்டுபிடிக்க வேண்டும். இவ்வளவு நாள் பயன்படுத்திய பிறகு சொல்கிறேன்: மீட்டரில் ஓம் என்று ஒரு பகுதி இருந்தாலும், வீட்டு வயரிங்கில் எனக்கு உண்மையைச் சொன்னது அது இல்லை. கரண்ட் ஓடிக்கொண்டிருக்கும்போது வோல்ட்டை ஆம்பியரால் வகுத்து வரும் மின்தடைதான்.

இதைப் புரியவைத்தது எங்கள் வீட்டு கீசர். 2000 வாட், 15 லிட்டர். போன மார்கழியில் தண்ணீர் சூடாக நேரம் பிடித்தது. பார்க்க வந்தவர் எலிமென்ட் (தண்ணீரைச் சூடாக்கும் கம்பி) போய்விட்டது, மாற்றிவிடலாம் என்றார். மாற்றுவதற்கு முன் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம் என்று தோன்றியது. 230 வோல்ட்டில் 2000 வாட் என்றால் கிட்டத்தட்ட 8.7 ஆம்பியர். 230-ஐ 8.7-ஆல் வகுத்தால் சுமார் 26.4 ஓம். எலிமென்ட் நன்றாக இருந்தால் இந்த எண் வர வேண்டும்.

மெயினை அணைத்து, கீசரின் மூடியைத் திறந்து, வயர் சேரும் முனைகளில் மீட்டரின் குரோக்கடைல் கிளிப்பை (பல் வைத்த கவ்வி) மாட்டினேன். பேஸ் வயரை மட்டும் கிளாம்புக்குள் விட்டேன். (பேஸ், நியூட்ரல் இரண்டையும் சேர்த்து விட்டால் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு பூஜ்யம் காட்டும். முதல் வாரம் நான் மீட்டரைச் சந்தேகப்பட்டது இதனால்தான்.) கையை எடுத்துவிட்டு மெயினைப் போட்டேன். 214 வோல்ட், 8.1 ஆம்பியர். வகுத்தால் 26.4 ஓம். எலிமென்ட்டில் ஒரு குறையும் இல்லை. பெருக்கினால் 1733 வாட்தான் வருகிறது, அதாவது கீசருக்கு வோல்டேஜ் போதவில்லை.

கீசர் ஓடும்போதே மெயின் போர்டில் அளந்தேன். அங்கே 223 வோல்ட். வழியில் 9 வோல்ட் காணாமல் போகிறது. 9-ஐ 8.1-ஆல் வகுத்தால் 1.1 ஓம். 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர், போக வர 40 மீட்டர், அதற்கு 0.3 ஓம்தான் ஆகும். மீதி 0.8 ஓம் ஏதோ ஒரு இணைப்பில் உட்கார்ந்திருக்கிறது. ஆம்பியரை அதனாலேயே பெருக்கி, அதை 0.8-ஆல் பெருக்கினால் 52 வாட். 25 வாட் சால்டரிங் அயர்ன் இரண்டைச் சுவருக்குள் வைத்த மாதிரி! 16 ஆம்பியர் சாக்கெட்டைக் கழற்றியபோது நியூட்ரல் ஸ்க்ரூ லூசாகி, சுற்றிலும் பிளாஸ்டிக் கருகியிருந்தது. வயர் நுனியை வெட்டிப் புதிய சாக்கெட் போட்டதும் வித்தியாசம் 2.5 வோல்ட்டாகக் குறைந்தது.

இந்த 0.8 ஓமை மீட்டரின் ஓம் பகுதியில் நம்பிப் பார்க்க முடியாது. என் மீட்டரின் இரண்டு முனைகளை ஒன்றோடொன்று தொடவைத்தாலே 0.4 காட்டும். அதுவும் அணைத்துக் குளிர்ந்த இணைப்பு ஒரு மாதிரி, 8 ஆம்பியர் ஓடிச் சூடான இணைப்பு வேறு மாதிரி.

சூட்டால் மின்தடை எவ்வளவு மாறும் என்பதற்குப் பரணில் கிடந்த 60 வாட் குண்டு பல்பு போதும். குளிர்ந்த நிலையில் 66 ஓம் காட்டியது. அதை வைத்துக் கணக்குப் போட்டால் 800 வாட் பல்பு என்று வருகிறது. எரியும்போது 230 வோல்ட், 0.26 ஆம்பியர். வகுத்தால் 880 ஓமுக்கு மேல். டங்ஸ்டன் இழை சூடேறச் சூடேறத் தடை ஏறிக்கொண்டே போகும். கீசர், இஸ்திரிப் பெட்டியில் இருக்கும் நிக்ரோம் என்ற உலோகக் கலவைக் கம்பியில் இந்த மாற்றம் மிகவும் குறைவு.

லோ வோல்டேஜ் ஊரில் இருப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். அதே 26.4 ஓம் கீசருக்கு 190 வோல்ட் வந்தால் ஆம்பியரும் சேர்ந்து குறைந்து, திறன் 1370 வாட்டுக்கு இறங்கிவிடும். 15 லிட்டரை 30 டிகிரி ஏற்ற 16 நிமிடம் ஆகும் இடத்தில் 23 நிமிடம். யூனிட் ஏறக்குறைய அதேதான், காத்திருப்பதுதான் அதிகம்.

சரி, குறைகள். மோட்டாருக்கு இந்தப் பெருக்கல் பொருந்தாது. எங்கள் அரை எச்பி பம்பில் 225 வோல்ட், 3.5 ஆம்பியர், பெருக்கினால் 787. பவர் ஃபாக்டரையும் (பெருக்கி வரும் எண்ணில் உண்மையான வாட்டாக இருக்கும் பங்கு) சேர்த்துக் காட்டும் வாட் மீட்டரில் 560 வாட்தான். மின்விசிறிக்கும் இதே சிக்கல். எல்இடி பல்புகளின் மின்னோட்ட அலை சீராக இருக்காது, என் மீட்டர் ட்ரூ ஆர்எம்எஸ் (சீரில்லாத அலையையும் சரியாக அளக்கும் வகை) இல்லாததால் அங்கே தவறாகக் காட்டுகிறது. சின்னச் சின்ன மின்னோட்டத்தையும் சரியாகப் பிடிக்காது. அதற்கு வயரைக் கிளாம்பின் தாடையில் 10 சுற்றுச் சுற்றி, வரும் எண்ணை 10-ஆல் வகுக்கிறேன்.

அளக்கும் வயர்களை இரண்டு தடவை மாற்றியாகிவிட்டது. உறை வெடித்த வயரோடு 230 வோல்ட் பக்கம் போகவே கூடாது. பழக்கமில்லாதவர்கள் கீசர் மூடியைத் திறக்க வேண்டாம், எலக்ட்ரீஷியனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வோல்ட், ஆம்பியர் என்ற இரண்டு எண்களை மட்டும் கேட்டு வாங்குங்கள். இப்போது புதிதாக வாங்குவதாக இருந்தால், கொஞ்சம் கூடக் கொடுத்து ட்ரூ ஆர்எம்எஸ் உள்ளதாகவே வாங்குவேன்.