புடவை மடிக்கத் தெரிந்த கூட்டம்

சென்னை வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஒரு ஜவுளிக் கடையின் புடவைப் பிரிவில் 19 வருடங்கள் நின்றவள் நான். காலை ஒன்பதரைக்குக் கவுண்டருக்குப் பின்னால் போனால் இரவு ஒன்பதரைக்குத்தான் வெளியே வருவோம். நடுவில் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம். முழங்காலுக்குக் கீழே நரம்பு சுருட்டிக்கொண்ட பிறகு வேலையை விட்டேன். இப்போது கொருக்குப்பேட்டையில் வீட்டிலேயே ரவிக்கை தைக்கிறேன். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். சென்ற ஞாயிற்றுக்கிழமை தண்டையார்பேட்டையில் நான் பார்த்த நிகழ்ச்சி கடைப் பெண்களைப் பற்றியது. அதை வெளியாள் கண்ணால் என்னால் பார்க்க முடியாது.

நகைச்சுவை, கானா, நடிப்பு எல்லாம் கலந்து பெண்ணியம் பேசும் மேடை நிகழ்ச்சி அது. நடத்தியது நான்கு பெண்கள் சேர்ந்த குழு. இரண்டு பேர் இன்னும் கடை வேலையில் இருப்பதால் குழுவின் பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள், எழுதவில்லை. டிக்கெட் 100 ரூபாய். அந்தப் பகுதியில் குடியிருக்கும் பெண்களுக்கு 20. இடம், ஒரு சின்னக் கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடம். பந்தி மேசைகளை ஓரமாக ஒதுக்கி, முன்னால் பாய் விரித்து, பின்னால் நாற்காலி போட்டிருந்தார்கள். ஒரு பக்கச் சுவர் முழுக்கக் கை கழுவும் தொட்டிகள். அதில் ஒரு குழாய் சொட்டிக்கொண்டே இருந்தது.

பாயில் உட்கார்ந்தவர்கள் பெரும்பாலும் அக்கம்பக்கத்துப் பெண்கள். மீன் விற்பவர்கள், வீட்டு வேலைக்குப் போகிறவர்கள், பேரப்பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்த பாட்டிகள். நாற்காலிகளில் கல்லூரிப் பிள்ளைகளும், தெற்கே இருந்து மெட்ரோவில் வந்த சிலரும். பத்துப் பன்னிரண்டு ஆண்கள் கதவோரமாக நின்றார்கள்.

“இந்த மாதிரி நிகழ்ச்சிக்கு, அங்கே சொல்வதை ஏற்கெனவே ஒத்துக்கொண்டவர்கள்தான் வருவார்கள், அம்மா. ஒத்துக்கொண்டதற்கே கைதட்டிவிட்டுப் போவார்கள்” என்று கிளம்பும்போதே என் மகள் சொன்னாள். அது பாதி உண்மை. அந்தப் பாதி முதல் கால் மணி நேரத்திலேயே தெரிந்துவிட்டது.

தொடக்கத்தில் ஒரு பெண் ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு விளக்கவுரை ஆற்றினார். 1985இல் நியூயார்க்கில் கொரில்லா முகமூடி அணிந்துகொண்டு ‘கெரில்லா கேர்ள்ஸ்’ என்ற பெண் கலைஞர்கள் குழு கிளம்பிய கதை. அவர்கள் 1989இல் ஒட்டிய சுவரொட்டியில் ஒரு கணக்கு இருந்ததாம். அங்கே உள்ள மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தின் நவீன கலைப் பிரிவில் கலைஞர்களில் பெண்கள் 5 சதவீதத்துக்கும் குறைவு. ஆனால் நிர்வாணமாகக் காட்டப்பட்ட உருவங்களில் 85 சதவீதம் பெண்கள். நல்ல கணக்கு. கேட்டதும் என் கடை எனக்கு ஞாபகம் வந்தது. புடவை பிரித்துக் காட்டுகிறவர்கள் அத்தனை பேரும் பெண்கள், கல்லாவில் ஒரு பெண் கிடையாது. ஆனால் அந்தக் கணக்கை நம் கடைத்தெருவோடு முடிச்சுப் போட்டுச் சொல்ல வேண்டியவர் சொல்லவில்லை. பாடம் போல நடத்தினார். “ஆணாதிக்கம் ஒழிக” என்றபோது நாற்காலிகள் கைதட்டின. பாயில் ஒருவருக்கொருவர் முகத்தைப் பார்த்துக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகு இரண்டு பேர் மஞ்சள் பையைத் தலையில் மாட்டிக்கொண்டு வந்தார்கள். கண்ணுக்கு இரண்டு ஓட்டை, வாய்க்கு ஒன்று. பையின் காதுகள் இரண்டும் தோள் மேல் தொங்கின. முகம் தெரிந்தால் வேலை போய்விடும் என்பதற்காகத்தான் அந்தப் பை. பத்து நிமிடப் பேச்சால் புரியாத நியூயார்க் முகமூடி, அந்தப் பையைப் பார்த்ததும் ஒரு நொடியில் புரிந்தது. பாய் வரிசை நிமிர்ந்து உட்கார்ந்தது.

நகைச்சுவைப் பகுதி ஏறக்குறைய நாற்பது நிமிடம். பேசியவருக்கு முப்பது வயதிருக்கும். அவர் மேடையில் நிற்கவில்லை, பாய்களுக்கு நடுவே நடந்துகொண்டே பேசினார். சின்ன வயதில் திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் கூத்துப் பார்த்தவர்களுக்குக் கட்டியக்காரனைத் தெரியும். ராஜாவையே கேலி செய்வான், கூட்டத்துக்குள் புகுந்து யாரையாவது வம்புக்கு இழுப்பான், அவனுக்கு மட்டும் தடை கிடையாது. அந்தக் கூத்தில் திரௌபதியாக வந்தவரும் ஆண்தான். அந்தக் கட்டியக்காரனின் இடத்தில் ஒரு பெண் வந்து நின்றதைப் பார்க்க நான் இத்தனை வயது வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அவர் சொன்னதில் ஒன்றை அப்படியே எழுதுகிறேன். “லாரித் தண்ணீருக்கு வரிசையில் என் குடத்தை வைத்துவிட்டுப் போகிறேன். அரை மணி கழித்து வந்தால் வைத்த இடத்திலேயே இருக்கிறது. யாரும் இடிக்கவில்லை. யாரும் உரசவில்லை. இந்த நேரத்தில் இங்கே தனியாக ஏன் நிற்கிறாய் என்று யாரும் கேட்கவில்லை. அடுத்த பிறவியில் பிளாஸ்டிக் குடமாகப் பிறக்க வேண்டும், அம்மா!” கூடம் அதிர்ந்தது. சிரிப்பு அடங்குவதற்குள் ஒரு பாட்டி, “சிவப்புக் குடமாகப் பிறக்காதே, என்னுடையதைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்” என்றார். இரண்டாவது சிரிப்பு முதலாவதைவிடப் பெரிது. கதவோரம் நின்ற ஆண்களும் சிரித்தார்கள், ஒருவர் மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒத்துக்கொண்டவர்கள் கைதட்டுவதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் அந்தப் பாட்டிதான். அவரிடம் பெண்ணியம் என்ற சொல்லை யாரும் விளக்கியிருக்கமாட்டார்கள். ஆனால் அந்தக் கதையின் மிச்சம் அவரிடம் இருந்தது, எடுத்துக் கொடுத்தார்.

அடுத்தது எடுபடவில்லை. குடித்துவிட்டு வரும் கணவன் தள்ளாடி நடப்பதைச் செய்து காட்டினார். நாற்காலிகளில் சிரிப்பு எழுந்தது, பாயில் சத்தமே இல்லை. ஒரு அம்மா உட்கார்ந்த இடத்திலிருந்தே, “அதை விட்டுவிடு கண்ணு, இங்கே அதற்கு யாருக்கும் சிரிப்பு வராது” என்றார். குரலில் கோபம் இல்லை. பிள்ளையிடம் சொல்வதுபோலத்தான் சொன்னார். பேசிய பெண் அப்படியே நின்றுவிட்டார். பிறகு பாயின் ஓரத்தில் உட்கார்ந்து, “சரி அம்மா, விட்டுவிட்டேன். எதற்குச் சிரிப்பு வரும், நீங்கள் சொல்லுங்கள்” என்று கேட்டார். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அதை நான் தோல்வி என்றே எழுதுகிறேன். வடசென்னையில் குடியால் தாலி இழந்தவர்கள் நடுவே அந்த நடையை நடந்து காட்டியிருக்கக் கூடாது. சினிமா அறுபது வருடமாகச் செய்து சலித்த அதே தள்ளாட்டம்தான் அது. ஆனால் தவறு என்று தெரிந்த இடத்தில் உடனே நிறுத்தத் தெரிந்தவர் என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும்.

நடுவில் ஒரு கானா. கானா என்றால் ஆண்கள் பாடுவது என்று ஆகிவிட்டிருந்த இந்த ஊரிலிருந்து இசைவாணி பாட வந்து, 2020இல் பிபிசியின் 100 பெண்கள் பட்டியல் வரை போனார். அந்தத் துணிச்சல் இந்தக் குழுவில் பாடிய பெண்ணிடமும் இருந்தது, குரல்தான் இன்னும் பழக வேண்டும்.

கடைசிப் பகுதிக்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

மஞ்சள் பை அணிந்தவர்களில் ஒருவர் மேசைக்குப் பின்னால் வந்து நின்றார். மேசை மேல் வெள்ளை விரிப்பு, பின்னால் அடுக்கிய புடவைகள். மேடையின் ஓரத்தில் ஒரு நீல பிளாஸ்டிக் ஸ்டூல். விதி ஒன்றுதான்: பார்வையாளர் யார் வேண்டுமானாலும் போய், “வேறு காட்டுங்கள்” என்று சொல்லலாம். சொன்னால் அவர் ஒரு புடவையைப் பிரிப்பார். ஸ்டூலைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

முதலில் விளையாட்டாக இருந்தது. பிள்ளைகள் ஓடிப்போய்க் கேட்டார்கள். கல்லூரிப் பெண்கள் போய், “இதில் நீலம் இருக்கிறதா, கரை கொஞ்சம் சின்னதாக இருக்கிறதா” என்றார்கள். அவர் பேசாமல் பிரித்துக்கொண்டே இருந்தார். மேசை நிறைந்தது. புடவைகள் சரிந்து தரையில் விழுந்தன. ஆள் வராத நேரங்களில் அவர் ஒன்றை எடுத்து மடிப்பார்: கரையோடு கரை சேர்த்து, உள்ளங்கையால் ஒரு நீவு நீவி, முந்தானை மேலே தெரியும்படி நாலாக மடித்து, மோவாயில் ஒரு முனையை இடுக்கிக்கொண்டு. மடித்து முடிப்பதற்குள் அடுத்த ஆள் வந்துவிடுவார். அந்த மோவாயைப் பார்த்ததும் இது நடிக்கக் கற்றுக்கொண்டது இல்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. இருபதாவது நிமிடம் வலது குதிகாலைத் தூக்கி இடது கெண்டைக்காலில் அழுத்தித் தேய்த்தார். பிறகு கால் மாற்றினார். என் பக்கத்தில் இருந்தவருக்கு அது கண்ணில் பட்டிருக்காது. நான் 19 வருடம் செய்தது அது.

கூடம் அமைதியானது. குழாய் சொட்டும் சத்தம் மட்டும் கேட்டது. கடையில் நாங்கள் தண்ணீர் குடிக்கமாட்டோம். குடித்தால் கழிப்பறைக்குப் போக வேண்டும், போவதற்கு மேற்பார்வையாளரிடம் கேட்க வேண்டும். யாரும் திட்டம் போடாத அந்தச் சொட்டுச் சத்தம் அந்த நேரத்தில் என்னை என்னவோ செய்தது.

எழுந்து போனேன். “வேறு காட்டுங்கள்” என்று சொல்ல வாய் வரவில்லை. தரையில் கிடந்த ஒரு புடவையின் முனையை எடுத்து நீட்டினேன். அவர் ஒரு நொடி தயங்கிவிட்டு மறுமுனையைப் பிடித்தார். இரண்டு பேராக மடித்தால் அரை நிமிடம்கூட ஆகாது. இரண்டாவது புடவைக்குள் பாயிலிருந்து மூன்று பேர் வந்துவிட்டார்கள். அதில் ஒருவர், குடியைப் பற்றிச் சொன்ன அந்த அம்மா. பிறகு கல்லூரிப் பெண்கள் வந்து, எப்படி மடிப்பது என்று எங்களிடம் கேட்டுக் கேட்டு மடித்தார்கள். கடைசிப் புடவை அடுக்கில் ஏறும்வரை யாரும் பேசவில்லை. கைதட்டலும் இல்லை. நீல ஸ்டூல் காலியாகவே இருந்தது.

முடிந்த பிறகு அவரிடம் பேசினேன். ஒரு கல்லூரியில் இதையே செய்தபோது பத்தாவது நிமிடமே ஒரு மாணவி ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டாராம். இவர் உட்கார்ந்ததும் அரங்கம் எழுந்து நின்று கைதட்டியதாம். “இங்கே ஏன் அக்கா யாரும் ஸ்டூலைத் தொடவில்லை?” என்று கேட்டார். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். பிரித்த புடவை அத்தனையும் மடித்து அடுக்கிய பிறகுதான் வீட்டுக்குப் போக முடியும் என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். உட்கார வைத்துவிட்டால் அந்தக் குவியல் யார் தலையில் விழும்?

அதற்காக ஸ்டூல் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கோழிக்கோட்டில் தையல் தொழிலாளியான விஜி கடைப் பெண்களைத் திரட்டிப் போராடினார், 2018இல் கேரளத்தில் உட்காரும் உரிமை சட்டமானது. தமிழ்நாட்டிலும் 2021இல் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, பணியாளர்களுக்கு இருக்கை வசதி கட்டாயம் என்று ஆக்கினார்கள். என் கால் போன பிறகு வந்த சட்டம். என் பழைய கடையில் ஸ்டூல் போட்டிருக்கிறார்கள், அதன் மேல் அட்டைப் பெட்டிகள் அடுக்கியிருக்கின்றன. போன தீபாவளிக்கு நூல்கண்டு வாங்கப் போனபோது பார்த்தேன். இந்தச் சட்டத்தைப் பற்றி நிகழ்ச்சியில் ஒரு வார்த்தை இல்லாதது பெரிய குறை. தொடக்கத்தில் நியூயார்க்குக்குக் கொடுத்த பத்து நிமிடத்தில் இரண்டு நிமிடத்தைக் கோழிக்கோட்டுக்குக் கொடுத்திருக்கலாம்.

இன்னும் இரண்டு குறைகள். மண்டபத்தில் பெண்கள் கழிப்பறை பூட்டியிருந்தது. சாவி தேடிக் கொண்டுவர அரை மணி ஆனது. பெண்களுக்காக நடத்தும் நிகழ்ச்சியில் அதை முதல் வேலையாகப் பார்த்திருக்க வேண்டும். இரண்டாவது, நாள். ஞாயிறு மாலை ஆறு மணி என்பது ஜவுளிக் கடையில் கூட்டம் அலைமோதும் நேரம். யாரைப் பற்றிய நிகழ்ச்சியோ அவர்களில் ஒருவர்கூட வர முடியாது. என்னோடு வேலை பார்த்த பெண்ணுக்குப் போன் செய்து வரச் சொன்னேன், “எப்படி அக்கா வருவது, இன்றைக்கு லீவு கேட்டால் இரண்டு நாள் சம்பளம் பிடிப்பார்கள்” என்றாள். வார நாளில் காலை எட்டு மணிக்கு, கடைகள் திறப்பதற்கு முன்னால், எம்.சி. ரோட்டுக்குப் பக்கத்துத் தெருவிலேயே போடுங்கள் என்று குழுவிடம் சொல்லியிருக்கிறேன். வாடகை மிச்சம், வர வேண்டியவர்கள் நின்று பார்த்துவிட்டு வேலைக்குப் போவார்கள். யோசிப்பதாகச் சொன்னார்கள்.

அடுத்தது திருவொற்றியூரில் நடத்த இடம் தேடிக்கொண்டிருக்கிறார்கள். நடந்தால் போங்கள். ஆறு மணி என்றால் ஆறரைக்குத்தான் தொடங்குகிறார்கள், விளக்கவுரையைத் தவறவிட்டாலும் பாதகமில்லை. பாயில் உட்கார இடம் கிடைத்தால் அங்கேயே உட்காருங்கள், சிரிப்பு அங்கிருந்துதான் கிளம்புகிறது. முழங்கால் வலி உள்ளவர்கள் முன்னால் நாற்காலி கேட்டால் போட்டுத் தருகிறார்கள், எனக்குத் தந்தார்கள்.