பழைய பிக்கப்பின் கிளட்ச்: நான்கு ஆண்டுகள், மூன்று கோளாறுகள்

இந்த பிக்கப் என் கைக்கு வந்தபோது 1,40,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது. டீசல் இன்ஜின், ஐந்து கியர், நான்கு சக்கர இயக்கம். இப்போது 2,12,000ஐத் தாண்டிவிட்டது. இன்ஜின் ஒருநாளும் தொல்லை தரவில்லை. கிளட்ச் மூன்று முறை தந்தது. மூன்று முறையும் பட்டறையில் எனக்குக் கிடைத்த முதல் பதில் ஒன்றுதான்: "கிளட்ச் போய்விட்டது, கியர் பெட்டியை இறக்க வேண்டும்." அது மூன்றாவது முறை மட்டுமே உண்மையாக இருந்தது.

கிளட்ச் செய்யும் வேலை இரண்டே. பெடலை மிதித்தால் இன்ஜினிடமிருந்து கியர் பெட்டியை முழுதாக விலக்க வேண்டும். காலை எடுத்தால் முழுதாகப் பிடிக்க வேண்டும். ஆகவே எந்தக் கோளாறு வந்தாலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி: மிதித்தால் விடவில்லையா, விட்டால் பிடிக்கவில்லையா? இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டால் நல்ல உதிரிபாகங்களையும் கழற்றி எறிய நேரிடும்.

வாங்கிய ஐந்தாம் மாதம் முதல் கோளாறு வந்தது. காலையில் வண்டியைக் கிளப்பினால் முதல் கியர் முரண்டுபிடிக்கும். ரிவர்ஸ் போட்டால் பற்கள் கரகரவென்று உரசும். பல கியர் பெட்டிகளில் ரிவர்ஸுக்கு சிங்க்ரோ (பற்கள் சேரும் முன் வேகத்தைச் சமமாக்கும் அமைப்பு) கிடையாது. அதனால் கிளட்ச் தட்டு (இன்ஜின் விசையைக் கியர் பெட்டிக்குக் கொண்டுபோகும் உராய்வுத் தட்டு) கொஞ்சம் சுழன்றுகொண்டிருந்தாலும் ரிவர்ஸ்தான் முதலில் காட்டிக்கொடுக்கும். இன்ஜினை அணைத்துவிட்டுப் பார்த்தேன். ஐந்து கியரும் ரிவர்ஸும் தடையின்றி விழுந்தன. அப்படியானால் கியர் பெட்டியில் குற்றமில்லை, கிளட்ச்தான் விட மறுக்கிறது. அடுத்து, பெடலை வேகமாக மூன்று முறை மிதித்துவிட்டுக் கியர் போட்டேன். சத்தமே இல்லாமல் சேர்ந்தது.

இந்தச் சின்னச் சோதனையை நான் மிகவும் மதிக்கிறேன். பலமுறை மிதித்ததும் சரியாகிறது என்றால், தட்டையோ அதை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டையோ சந்தேகிக்கும் முன் ஆயில் அழுத்தத்தைக் கடத்தும் பகுதியைத்தான் பார்க்க வேண்டும். குழாயில் காற்று புகுந்திருக்கலாம், அல்லது ஒரு சிலிண்டரின் ரப்பர் சீல் தேய்ந்திருக்கலாம்.

பெடலருகே உள்ள மாஸ்டர் சிலிண்டர் ஆயிலைத் தள்ளும்; அந்த அழுத்தத்தை வாங்கிக் கிளட்சை விடுவிப்பது ஸ்லேவ் சிலிண்டர். என் வண்டியில் அது கியர் பெட்டிக்கு வெளியே பொருத்தப்பட்டிருக்கிறது. கீழே படுத்து, அதன் முனையிலுள்ள ரப்பர் உறையின் விளிம்பை விரலால் விலக்கினேன். உள்ளே தேங்கியிருந்த கருந்திரவம் மணிக்கட்டுவரை வழிந்தது. மசிபோன்ற கறுப்பு, விரல்களுக்கிடையில் தேய்த்தால் பொடிப்பொடியாக ரப்பர் துகள். உறை வெளியே காய்ந்திருந்ததால், மேலோட்டமாகப் பார்த்தவர்களுக்குக் கசிவே தெரியவில்லை. மேலே சின்ன டப்பாவில் ஆயில் மட்டம் கொஞ்சம்தான் இறங்கியிருந்தது; நிறம் மட்டும் அதே கறுப்பு.

முதலில் சீலை மட்டும் மாற்றினேன். இரண்டே மாதத்தில் மறுபடியும் கசிந்தது. சிலிண்டரின் உட்சுவரில் துருக்குழிகள் விழுந்திருந்தன. அந்தக் குழிகளில் உரசி எந்தப் புதுச் சீலும் நிலைக்காது. முழு சிலிண்டரையும் மாற்றிய பிறகே தீர்ந்தது. மாற்றும் முன் ஒருவரைப் பெடலை மிதிக்கச் சொல்லி, ஸ்லேவ் சிலிண்டரிலிருந்து நீளும் தள்ளுகம்பியின் நகர்வை அளந்தேன்: 8 மி.மீ. புதியதைப் பொருத்திக் காற்றை வெளியேற்றிய பின் 14 மி.மீ. அந்த 6 மி.மீ. குறைவுக்காகவா கியர் பெட்டியை இறக்கச் சொன்னார்கள் என்று அன்று உண்மையாகவே கோபம் வந்தது. ஸ்லேவ் சிலிண்டர் கியர் பெட்டிக்கு உள்ளேயே அமைந்த வண்டிகளில் இந்த வசதி இல்லை. அங்கே இறக்கித்தான் ஆக வேண்டும்.

மாஸ்டர் சிலிண்டர் கெட்டால் அறிகுறி வேறு. வெளியே ஒரு சொட்டும் கசியாமலே கெடலாம். பெடலை மிதித்தபடி கியரில் நிற்கும்போது வண்டி மெல்ல மெல்ல முன்னே நகரத் தொடங்கும், ஆயில் சீலைத் தாண்டி உள்ளுக்குள்ளேயே திரும்பிவிடுவதால். ஊற்றும் ஆயிலிலும் கவனம் வேண்டும். கிளைக்கால் வகைப் பிரேக் ஆயில் கேட்கும் அமைப்பில் டாட் 5 சிலிக்கான் ஆயிலைக் கலக்கவே கூடாது. அவசரத்துக்கு இன்ஜின் ஆயிலை ஊற்றினால் எல்லா ரப்பரும் ஊதிப் பாழாகும்.

இரண்டாவது கோளாறு ஒரு சத்தம். நியூட்ரலில், பெடலில் கால் இல்லாதபோது உர்ரென்ற ஓர் இரைச்சல். முழுதாக மிதித்தால் நின்றுவிடும். கிளட்சின் ரிலீஸ் பேரிங் (பெடலை மிதிக்கும்போது பிரஷர் பிளேட்டை அழுத்தி விடுவிக்கும் பேரிங்) போய்விட்டது, பெட்டியை இறக்க வேண்டும் என்றார்கள். எனக்கு ஒப்பவில்லை. ரிலீஸ் பேரிங் பாரம் தாங்குவது மிதிக்கும்போதுதான். அது கெட்டிருந்தால் மிதிக்கும்போது அலற வேண்டும். பெடலில் காலை லேசாக வைத்த மாத்திரத்தில் ஒரு கடகடப்பு அடங்கினால் அந்தப் பேரிங்கோ அதைத் தள்ளும் கவையோ தளர்ந்திருக்கலாம். என் வண்டியில் லேசாக வைத்தால் எந்த மாற்றமும் இல்லை. கிளட்ச் முழுதாக விட்ட பிறகே இரைச்சல் அடங்கியது. கியர் பெட்டியின் உள்தண்டு சுழல்வது நின்றதும் அடங்குகிறது என்றால், சத்தம் அந்தத் தண்டின் பேரிங்கிலிருந்து வருகிறது. அந்தத் தண்டின் முனையை இன்ஜின் பக்கம் தாங்கும் பைலட் பேரிங்கோ இதற்கு நேரெதிர். கியரில் போட்டுப் பெடலை மிதித்து நிற்கும்போதுதான் அதன் கீச்சொலி கேட்கும். கியர் ஆயிலைப் பார்த்தேன், மட்டம் நன்றாக இறங்கியிருந்தது. நிரப்பியதும் இரைச்சல் பாதியாகக் குறைந்தது. மீதியை அடுத்த முறை பெட்டி இறங்கும்போது பார்க்கலாம் என்று விட்டேன்.

அந்த அடுத்த முறை சென்ற ஆண்டு வந்தது. பாரத்தோடு மேட்டில் ஏறும்போது இன்ஜின் சத்தம் உயர்ந்தது, வேகம் உயரவில்லை. சமதரையில் உறுதிசெய்துகொண்டேன்: ஐந்தாம் கியரில் 60 கி.மீ. வேகத்தில் ஆக்சிலரேட்டரை முழுதாக அழுத்தினால் ஆர்பிஎம் முள் தாவி ஏறியது, வேகமுள் அசையவில்லை. சந்தேகமே இல்லை, கிளட்ச் நழுவுகிறது. ஹேண்ட் பிரேக் போட்டு மூன்றாம் கியரில் காலை எடுத்து இன்ஜின் அணைகிறதா என்று பார்ப்பது பலருக்குப் பழக்கம். முற்றிலும் தேய்ந்த கிளட்சைத்தான் அது காட்டும். என்னுடையது அந்தச் சோதனையில் உடனே அணைந்து தேறிவிட்டது. அதைத் திரும்பத் திரும்பச் செய்து தட்டைச் சூடாக்குவதிலும் பயனில்லை.

இறக்கும் முன் இரண்டு விஷயங்களைப் பார்த்தேன். பெடலின் தொடக்கத்தில் சிறு தளர்வு இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் பேரிங் ஓயாமல் அழுத்திக்கொண்டேயிருந்து நல்ல தட்டும் நழுவும். எனக்குத் தளர்வு சரியாக இருந்தது. அடுத்து, இன்ஜினும் கியர் பெட்டியும் சேரும் கூட்டின் அடித்துளை. அதன் விளிம்பில் ஒரு சொட்டு தொங்கிக்கொண்டிருந்தது. கியர் ஆயிலுக்குக் கந்தக வாடை உண்டு. இதில் அது இல்லை, நிறமோ கருங்கறுப்பு. இன்ஜினின் பின்பக்க சீல் கசிந்து தட்டை நனைத்திருக்கிறது.

பெட்டியை இறக்கிப் பார்த்தபோது தட்டில் உராய்வுப் பொருள் நிறையவே மிச்சமிருந்தது. ரிவெட் தலைகள் ஆழத்தில் பத்திரமாக இருந்தன. ஆனால் மேற்பரப்பு எண்ணெய் பட்டு வெந்து கண்ணாடிபோல் பளபளத்தது. தட்டு உரசிப் பிடிக்கும் இன்ஜின் சக்கரமான ஃபிளைவீலில் நீலத் திட்டுகள், சூடேறிய தடயம். சீலைத் தொடாமல் தட்டை மட்டும் மாற்றியிருந்தால் புதிய தட்டும் இதே கதிக்கு வந்திருக்கும். சீல், தட்டு, பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங், பைலட் பேரிங், அந்த இரைச்சல் பேரிங் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மாற்றினோம். ஃபிளைவீல் ஒற்றைத் திண்ம வகை என்பதால் லேத்தில் முகத்தைச் சீராக்க முடிந்தது. இடையே சுருள்வில்களோடு இரு துண்டாக அமைந்த இரட்டை நிறை வகையாக இருந்தால் பெரும்பாலும் புதிதாகத்தான் வாங்க வேண்டியிருக்கும். முதல் 800 கிலோமீட்டர் பாரம் ஏற்றவில்லை, டிரெய்லர் இழுக்கவில்லை.

இப்போது மேட்டில் டிரெய்லரைப் பின்னால் தள்ளும்போதெல்லாம், தளர்ந்த மண் தரையாக இருந்தால், லோ ரேஞ்சில் (நான்கு சக்கர இயக்கத்தின் மெதுவான, இழுவை கூடிய நிலை) போட்டுக்கொள்கிறேன். அரைக் கிளட்சில் தொங்கவிட வேண்டிய தேவையே இல்லாமல் வண்டி நடையாக நகர்கிறது. கிளட்ச் ஆயிலை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுகிறேன். மாற்றும்போது ஸ்லேவ் சிலிண்டரின் உறையையும் விலக்கிப் பார்த்துவிடுகிறேன். உள்ளே காய்ந்தே இருக்கிறது. மழைக்குப் பின் இரண்டு மூன்று நாள் நின்றிருந்தால் ரிவர்ஸில் முதல் நகர்வுக்கு மட்டும் ஒரு சின்ன உதறல் வருகிறது. ஃபிளைவீல் முகத்தில் படிந்த மெல்லிய துருதான் காரணமென்று நினைக்கிறேன். இரண்டாவது முறை எடுக்கும்போது இருப்பதில்லை. அடித்துளையில் சொட்டு ஏதும் தென்படாதவரை அதைத் தொடப்போவதில்லை.