இழைப்பு மெஷினுக்கு ஹெலிகல் தலை: நம் ஊர் மரத்துக்கு ஒத்து வருமா?

மெராந்திப் பலகையை இழைக்கும்போது ஒரு பட்டை வழவழவென்றும் அதற்கு அடுத்த பட்டை பிய்ந்தும் வந்தால், கத்தி மழுங்கிவிட்டது என்று உடனே முடிவு கட்ட வேண்டாம். மெராந்தியில் நார் ஒரு அடுக்கு இப்படியும் அடுத்த அடுக்கு எதிர்ப்பக்கமும் சாய்ந்து வளரும். பலகையை எந்த முனையிலிருந்து விட்டாலும் பாதி நார் கத்திக்கு எதிராகத்தான் நிற்கும். புதுக் கத்தி போட்டாலும் இது முழுதாகத் தீராது. தலை என்பது மெஷினுக்குள் சுற்றி மரத்தைச் சீவும் உருளை, ஹெலிகல் என்றால் வெட்டும் விளிம்புகள் அதில் சுருளாக அமைந்த வகை. சாமி மாடமும் கதவும் செய்யும் மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத் தச்சர்களுக்கு ஹெலிகல் தலை பயன்படுவது முதலில் இந்த இடத்தில்தான்.

சிறு பட்டறைகளில் இருக்கும் மக்கிட்டா 2012 என்பி மாதிரி 12 அங்குல மெஷினை எடுத்துக்கொள்வோம். அதில் இரண்டு நீளக் கத்தி. நிமிடத்துக்கு 8,500 சுற்று, பலகை நகர்வது 8.5 மீட்டர். கணக்குப் போட்டால் ஒரு மில்லிமீட்டருக்கு இரண்டு வெட்டு. ஒவ்வொரு வெட்டிலும் கத்தி முழு அகலத்திலும் ஒரே நேரத்தில் மரத்தில் அடிக்கிறது. காதைப் பிளக்கும் சத்தத்துக்கும் பிய்ச்சல் கூடுவதற்கும் அது ஒரு காரணம். ஹெலிகல் தலையில் நீளக் கத்தியே கிடையாது. கார்பைட் என்ற மிகக் கெட்டியான பொருளில் செய்த சதுர வில்லைகள் உருளையைச் சுற்றிச் சுருளாக உட்கார்ந்திருக்கும். ஒரு நேரத்தில் சில வில்லைகள் மட்டுமே மரத்தைத் தொடும், அதுவும் சாய்வாகச் சீவும்.

‘ஹெலிகல்’ என்று போட்டு விற்பதெல்லாம் ஹெலிகல் இல்லை. உருளையைக் கையில் எடுத்து ஒரு வில்லையின் விளிம்பைப் பாருங்கள். அது தண்டுக்கு நேர் இணையாக இருந்தால், வில்லைகளை மட்டும் சுருளாக அடுக்கியிருக்கிறார்கள் என்று அர்த்தம். சத்தம் குறையும், வில்லையைத் திருப்பிப் போடலாம். ஆனால் சாய்வாகச் சீவும் குணம் இருக்காது, மெராந்தியில் பிய்ச்சலும் ஓரளவு தொடரும். விளிம்பு சற்றுக் கோணலாக நின்றால்தான் உண்மையான ஹெலிகல். அமெரிக்காவின் பேர்ட் கம்பெனி செய்யும் ஷீலிக்ஸ் இந்த வகை. பெயரில்லாத மலிவுத் தலைகளில் வில்லை உட்காரும் குழிகள் ஒரே ஆழத்தில் இருக்கின்றனவா என்பதை டயல் கேஜ் (நுண்ணிய அளவு காட்டும் முள் கருவி) வைத்துப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். குழி ஆழம் மாறினால் அந்தக் கோளாறைப் பிறகு எந்தச் சரிக்கட்டலாலும் நீக்க முடியாது. மாடல் எண்ணும் சரியாக இருக்க வேண்டும். தண்டின் முனை, சாவிக்காடி, பேரிங் இருக்கை எல்லாம் மாடலுக்கு மாடல் வேறு.

மாட்டும் வேலைக்கு வருவோம். பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் மூடியைத் திறக்க வேண்டும். தூசிக்கூண்டு, பெல்ட், புல்லி, செயின் என்று கழற்றக் கழற்றக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வாஷர் எந்தப் பக்கம் இருந்தது என்பது மறுநாள் ஞாபகம் இருக்காது. பழைய தண்டிலிருந்து பிடுங்கிய பேரிங்கைத் திரும்பப் போட வேண்டாம். வெளிவளையத்தைப் பிடித்து இழுக்கும்போதே உள்ளே குண்டுகளின் ஓடுபாதையில் பள்ளம் விழுந்திருக்கும். அதே எண்ணில் இருபக்கமும் ரப்பர் மூடி போட்ட புது பேரிங் வாங்குங்கள். செம்பனை லாரியும் டிராக்டரும் பழுது பார்க்கும் பட்டறையில் பிரஸ் இருக்கும். அங்கே கொடுத்து ஏற்றலாம், ஆனால் அழுத்தம் உள்வளையத்தில் மட்டும்தான் விழ வேண்டும் என்று பக்கத்தில் நின்று சொல்லுங்கள். உருளை சுற்றும் திசையையும் ஏற்றுவதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும்.

நிறையப் பேர் கோட்டை விடுவது வில்லைகளில். புதுத் தலையில் துருப் பிடிக்காமல் இருக்கக் கெட்டி எண்ணெய் பூசி அனுப்புவார்கள். வில்லைகளை எல்லாம் கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, குழியையும் ஸ்க்ரூ ஓட்டையையும் பல் பிரஷால் தேய்த்து, நன்றாகக் காய்ந்த பிறகே மாட்ட வேண்டும். குழியில் ஒரு துளி மரத்தூள் இருந்தால் போதும், அந்த வில்லை மட்டும் தலை தூக்கி நிற்கும். அடியில் இடைவெளி இருக்கும்போது இறுக்கினால் கார்பைட் வெடித்தே போகலாம். இறுக்கம் 15 மில்லி வில்லைக்கு 50 அங்குலப் பவுண்டு, ஏறத்தாழ 5.6 நியூட்டன் மீட்டர். தலையோடு வந்த தாளில் வேறு எண் இருந்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள். லாரி டயருக்கு வைத்திருக்கும் டார்க் ரெஞ்ச் இவ்வளவு குறைவாக இறங்காது. சைக்கிள் கடையில் உள்ள சின்ன ரெஞ்சைக் கேளுங்கள்.

கையால் சுற்றிப் பார்த்து எதுவும் உரசவில்லை என்றால் மெஷினைப் போட்டு, பலகை வரும் வழியில் நிற்காமல் ஒரு நிமிடம் ஓட விடுங்கள். தரையில் நிற்கும் 15 அங்குல மெஷின் என்றால் இன்னொரு வேலையும் உண்டு. புதுத் தலையின் வெட்டு வட்டம் (விளிம்புகள் சுற்றும் வட்டத்தின் அளவு) பழையதைப்போல இல்லாவிட்டால், பலகையை இழுக்கும் உருளிகளையும், சீவலை உடைக்கும் சிராய் முறிப்பானையும் மெஷினின் கையேட்டில் உள்ள அளவுக்கு மறுபடி அமைக்க வேண்டும். இதைச் செய்யாமல் ‘பலகை உள்ளே போக மாட்டேன் என்கிறது’ என்று தலையைக் குறை சொல்வது நியாயமில்லை.

குறைகளும் உண்டு. ஹெலிகல் தலை மோட்டாரிடம் அதிக வேலை வாங்கும். 1,650 வாட் மோட்டாரில் முழு அகல மெராந்திக்கு ஒரு மில்லி, கடின மரமான செங்காலுக்கு அரை மில்லி என்று நிறுத்திக்கொள்வது நல்லது. மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயர் போட்டால் மோட்டார் இன்னும் திணறும், 1.5 சதுர மில்லிக்குக் குறைய வேண்டாம். மரம் வெட்டும்போது வரும் சத்தம் நன்றாகவே குறையும், ஆனால் சும்மா ஓடும்போது வரும் மோட்டார் இரைச்சல் அப்படியே இருக்கும். தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டுப் பின்கட்டில் வேலை செய்பவர்கள் இதைத் தெரிந்துகொண்டு வாங்க வேண்டும். பலகை முனையில் விழும் பள்ளமும் தலையை மாற்றுவதால் போகாது. அது மேசை மட்டமும் உருளி அழுத்தமும் சம்பந்தப்பட்ட கோளாறு.

ரப்பர் மரம் மட்டுமே இழைக்கும் பட்டறைக்கு இந்தச் செலவு தேவையில்லை என்பதே என் கருத்து. பெரும்பாலும் நேர் நார், கூரான நீளக் கத்தியே போதும். சில துண்டுகளில் பஞ்சு மாதிரி மயிர் எழும்பும். வளைந்து வளர்ந்த மரத்தின் இழுவிசை நார் அது, ஹெலிகல் போட்டாலும் கொஞ்சம் மிஞ்சும். வில்லையில் ஒட்டும் மரப்பாலைக் கடுமையான காரத்தில் ஊறப்போட்டு எடுக்காதீர்கள், கார்பைட் துகள்களைப் பிடித்து வைத்திருக்கும் கோபால்ட்டை அது அரித்துவிடும்.

பழைய தோட்டத்து வீடுகளைப் பிரித்தெடுத்த செங்கால் உத்திரம் வாங்கி இழைப்பவர்களுக்குத்தான் இந்தத் தலை போட்ட பணத்தைத் திருப்பித் தரும். உள்ளே முறிந்து கிடக்கும் ஆணி நீளக் கத்தியில் பட்டால் அதன்பின் வரும் ஒவ்வொரு பலகையிலும் ஒரு மேட்டுக்கோடு விழும், முழுக் கத்தியையும் திருப்பிப் போடவோ மாற்றவோ வேண்டும். இங்கே அடிபட்ட வில்லையை மட்டும் அடுத்த விளிம்புக்குத் திருப்பினால் வேலை முடிந்தது. ஒரு வில்லைக்கு நான்கு விளிம்பு. புது விளிம்பு மற்றவற்றைவிட முடியளவு உயர்ந்து நின்று மெல்லிய கோடு விடலாம், 120 நம்பர் மணல்தாள் அதை எடுத்துவிடும். அதற்காக ஆணியோடு இழைக்கலாம் என்று எண்ண வேண்டாம். கார்பைட் கெட்டியானது, ஆனால் எளிதில் உடையும். மெட்டல் டிடெக்டரால் இரண்டு பக்கமும் தடவிய பிறகே பலகையை விடுங்கள். தலையை ஆர்டர் செய்யும்போதே பத்து உதிரி வில்லையும் ஐந்தாறு ஸ்க்ரூவும் சேர்த்துக் கேளுங்கள். தனியாக வரவழைத்தால் சரக்குக் கூலி வில்லை விலையைத் தாண்டிவிடும்.